பவர் பத்திரம் எதுவரை?

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. அப்பாவுக்கு 76 வயது. கொஞ்ச நாளாகச் சாவியை எங்கே வைத்தேன் என்று தேடுகிறார். உயிலைப் பதிவு செய்துவிட்டார், என் பேருக்குப் பவரும் கொடுத்துவிட்டார். இது போதும்தானே? நினைவு தப்பினாலும் செல்லும்படி பவர் எழுதலாம் என்கிறான் அமெரிக்காவில் இருக்கும் தம்பி.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

போதாது. தம்பி சொல்வது அந்த ஊருக்குச் சரி. இங்கே 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், 201-வது பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவரும் அதோடு முடிந்தது. உயிலோ அவர் காலத்துக்குப் பிறகுதான் பேசும். நடுவில் கிடக்கிற காலம் ஆறு மாதமோ எட்டு வருடமோ, அதற்கென்று உங்கள் கையில் ஒரு காகிதமும் இல்லை.

குன்னூரில் என் பெரியப்பாவுக்கு முதல் தடவை பக்கவாதம் வந்தபோது கை இரண்டும் விளங்கவில்லை, ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. வங்கி அதிகாரி வீட்டுக்கே வந்து, அவர் கம்பளிக் காலுறையைக் கழற்றி, கால் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டு போனார் (ரிசர்வ் வங்கி விதியே இதற்கு இடம் தருகிறது, இரண்டு சாட்சி வேண்டும், ஒருவர் வங்கி அலுவலராக இருக்க வேண்டும்). இரண்டாவது தடவை வந்த பிறகு அவருக்குப் பெரியம்மாவையே தெரியவில்லை. இலைப் பணம் அவர் கணக்கில் மாதாமாதம் ஏறிக்கொண்டுதான் இருந்தது, எடுக்க வழியில்லை. இலை யாருக்காகவும் காத்திருக்காதே, பறிக்கிற ஆட்களுக்குக் கூலி, கோவை ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் பெரியம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் நடந்தது.

அதனால் முதலில் இலைப் பணம் ஏறுகிற கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்து, 'எய்தர் ஆர் சர்வைவர்' (இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம்) என்று மாற்றுங்கள். டெபாசிட்டுகளுக்கும் அப்படியே. நிலத்துக்கு, அப்பா ஆயுள்வரை அனுபவிக்கும்படி வைத்து, இப்போதே உங்கள் பேருக்கு மாற்றிச் செட்டில்மென்ட் எழுதலாம் என்பார்கள். எழுதிவிட்டால் திரும்பப் பெறுவது கஷ்டம், எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. குடும்ப டிரஸ்ட் சரிவருமா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

வைத்தியத்துக்கு 'லிவிங் வில்' இருக்கிறது. மீள வழியில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம், யார் முடிவு சொல்ல வேண்டும் என்று அப்பாவே எழுதி வைப்பது. உச்ச நீதிமன்றம் 2018-ல் இதை ஏற்றது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததை 2023 ஜனவரியில் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ போதும் என்றாக்கிவிட்டது.

இதெல்லாம் தவறினால் உயர் நீதிமன்றம்தான். 2024-ல் சென்னையில் கோமாவில் கிடந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்தார்கள், அதற்கும் அந்தம்மா ஒருமுறை தோற்று மேல்முறையீடு போக வேண்டியிருந்தது.

சாவி மறப்பதால் கையெழுத்துப் போடும் தகுதி போய்விடாது, பயப்படாதீர்கள். ஆனால் பின்னால் யாரும் கேள்வி கேட்காமலிருக்க, எழுதுகிற அன்றே அப்பா விஷயம் புரிந்துதான் செய்கிறார் என்று டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். தம்பியிடமும் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ஆனால் அவர் லீவில் வரட்டும் என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம்.