விரல்ரேகை வகைப்பாடு: பயிற்சியில் சரி, புதிய படத்தில் தவறு, ஏன்?

விரல்ரேகைப் படங்களைக் கண்ணி (வளையம்), சுழி, வளைவு, கூடார வளைவு (நடுவில் கூடாரம்போல் உயர்ந்தது) என வகை பிரிக்கும் நியூரல் நெட்வொர்க் புதிய படங்களில் தவறினால், பெரும்பாலும் நெட்வொர்க்கின் மீது தவறு இருக்காது. படங்களைத் தயாரித்த விதத்தில்தான் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, படங்களை இடவலமாகத் திருப்பிப் பயிற்சித் தரவைப் பெருக்கினீர்களா என்பது. திருப்பினால் இடக்கண்ணி (இடப்பக்கம் திறந்த வளையம்) வலக்கண்ணியாகிவிடும். லேபிளையும் (படத்துக்குக் கொடுத்த வகைப் பெயர்) சேர்த்து மாற்றாவிட்டால் நீங்களே பொய்யைக் கற்பிக்கிறீர்கள். திருப்புவதற்குப் பதில் 10 முதல் 15 டிகிரி சுழற்சி போதும்.

அடுத்தது, வெட்டும் அளவு. சுழியில் பொதுவாக இரண்டு டெல்டாக்கள் (மூன்று திசைக் கோடுகள் முக்கோணம்போல் சந்திக்கும் இடங்கள்), கண்ணியில் ஒன்று, சாதாரண வளைவில் எதுவும் இல்லை. ஓரத்தை இறுக்கி வெட்டினால் டெல்டா போய்விடும், சுழி கண்ணியாகத் தெரியும். 500 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 500 புள்ளிகள்) படத்தைச் சுருக்கும்போது கோடுகள் ஒன்றோடொன்று கலக்காமல் பாருங்கள்.

ஒரே விரலின் இரு பதிவுகளில் ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் இருந்தால் மதிப்பெண் வீணாக உயரும். விரல்வாரியாகப் பிரியுங்கள், படவாரியாக அல்ல. வளைவுக்கும் கூடார வளைவுக்கும் இடையிலான குழப்பம் மட்டும் முழுதாகத் தீராது. நிபுணர்களே அதில் முரண்படுவார்கள்.

ஆளை அடையாளம் காண்பது வேறு வேலை. அதற்கு வகை எண்ணிக்கையில் முடியும் கடைசி அடுக்கை நீக்கி, ஒவ்வொரு படத்துக்கும் 256 எண்கள் கொண்ட வெக்டரை (எண் வரிசையை) நெட்வொர்க் தரும்படி, டிரிப்ளெட் லாஸ் மூலம் பயிற்றுவியுங்கள்; இது ஒரே விரலின் வெக்டர்களை நெருக்கமாகவும் வெவ்வேறு விரல்களின் வெக்டர்களைத் தள்ளியும் வைக்கும் முறை. புதிய ஆளைச் சேர்க்க அவர் வெக்டரைச் சேமித்தால் போதும், மறுபயிற்சி தேவைப்படாது.