இடதுபுறம் திரும்பும் காரில் அடி யாருக்கு விழும்?

மிச்சிகனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கோடையில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். சிக்னலில் இடதுபுறம் திரும்பும்போது எதிரே வரும் வண்டி மோதினால் யாருக்கு ஆபத்து அதிகம்? அவர்களை எங்கே உட்காரவைப்பது?"

அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போவதால், இடதுபுறம் திரும்புகிறவர் எதிர்வரும் வரிசையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அப்போது எதிரே வருகிற கார் உங்கள் காரின் வலப்பக்கக் கதவில்தான் மோதும். இடைவெளி போதும் என்று கணக்குப் போட்டுத் திரும்புவது நீங்கள். அடி வாங்குவது பக்கத்து சீட்டில் இருக்கும் அம்மா. நேருக்கு நேர் மோதினால் பானெட் நசுங்கி வேகத்தை ஓரளவு வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டிலோ, கதவுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தாலே அதிகம். விலா எலும்பு, இடுப்பெலும்பு, கல்லீரல், தலை எல்லாம் அந்த ஒரு கதவை நம்பித்தான் இருக்கின்றன. வயதானவர்களுக்கு விலா எலும்பு சுலபமாக முறியும். ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாமல் போய், அதுவே நிமோனியாவில் கொண்டுவிடும்.

அதனால் இருவரையும் பின்சீட்டில் வையுங்கள். அப்பா உங்களுக்குப் பின்னால், இடப்பக்கம் இருக்கட்டும். இடமிருந்து ஒருவன் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும், உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்ட விபத்துக்கு இதுவே நல்லது. அம்மா வலப்பக்கம் உட்காருவதால், பின் ஜன்னலையும் மூடும் திரை ஏர்பேக் உங்கள் காரில் இருக்கிறதா என்று பாருங்கள். தலையைக் காக்கும் பக்கவாட்டு ஏர்பேக், ஓட்டுநர் பக்கம் இடிபடும் விபத்துகளில் கார் ஓட்டுநரின் உயிரிழப்பு அபாயத்தை 37 சதவீதமும், எஸ்யூவி ஓட்டுநருக்கு 52 சதவீதமும் குறைக்கிறது என்பது காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஹெச்எஸ்-இன் கணக்கு. அந்த அமைப்பு 2021-ல் பக்கவாட்டுச் சோதனையைக் கடுமையாக்கியது: மோதும் வண்டியின் எடை 3,300-லிருந்து 4,180 பவுண்டாகவும், வேகம் 31-லிருந்து 37 மைலாகவும் கூடியது. கார் வாங்கும்போது இந்தப் புதிய சோதனையின் மதிப்பெண்ணைப் பாருங்கள்.

பெல்ட் விஷயம். புடவைக் கொசுவம் தடிமனாக இருந்தால் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு ஏறிக்கொள்ளும். அம்மா உட்கார்ந்ததும் அதை இடுப்பெலும்பு வரை இறக்கிவிட்டு, தளர்ச்சி இல்லாமல் இழுத்துவிடுங்கள்.

இடைவெளிக்குக் காத்து நிற்கும்போது ஸ்டீயரிங்கை நேராகவே வைத்திருங்கள். முன்கூட்டியே திருப்பி வைத்தால், பின்னாலிருந்து யாராவது இடிக்கும்போது கார் நேரே எதிர்வரிசைக்குள் போய்விடும். பச்சை அம்பு வரும்வரை பொறுங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். உங்கள் ஊரிலேயே 'மிச்சிகன் லெஃப்ட்' இருக்கிறது: சந்திப்பைத் தாண்டிப் போய், நடுத்திட்டு இடைவெளியில் யு-டர்ன் அடித்து, வந்து வலப்பக்கம் திரும்புவது. கொஞ்சம் சுற்றுதான், ஆனால் எதிர்வரிசை முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை.

ஒருவேளை மோதிவிட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்று அப்பா சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவரின் தலையில் அடிபட்டிருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போய் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள், சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். அடுத்த சில நாட்களில் வயிற்று வலி, தலைச்சுற்றல், மூச்சு வாங்குதல், அடியே படாத இடது தோளில் வலி என்று எது வந்தாலும் 911-ஐ அழையுங்கள். அந்தத் தோள்வலி மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிவதால் வரலாம்.