வேலை போன மறுநாள் யார் சோறு போடுவது?

கேள்வி: முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறேன். டிப்ளமோ படித்த என் மகனை, கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்கு எடுத்து, எட்டே மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். டெக்சாஸில் இருக்கும் என் தம்பி கோயில் கொடைக்கு வந்திருந்தான். "அங்கே யாரையும் எப்போதும் நிறுத்தலாம். அதனால்தான் முதலாளி பயப்படாமல் ஆள் எடுக்கிறார். நம்ம சட்டம்தான் வேலையைக் கெடுக்குது" என்றான். பழைய மில் தொழிலாளியான என் வீட்டுக்காரர், "நிரந்தரம் இல்லாத வேலை வேலையே இல்லை" என்று பந்தியிலிருந்து எழுந்து போய்விட்டார். யார் சொல்வது சரி? மகனுக்கு நான் என்ன சொல்ல?

பதில்: அன்புத் தங்கைக்கு, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு முதலில் பட்டது. மகனுக்கு வேலை போன பிறகு வீடு எப்படி நடக்கிறது? நீங்கள் சுற்றும் பீடியில்தானே? ராத்திரி விளக்கைப் போட்டு இன்னும் ஒரு இருநூறு சேர்த்துச் சுற்றியிருப்பீர்கள். நம் தாமிரபரணிக் கரை ஊர்களில் வேலை இழந்தவனுக்கு இருக்கும் காப்பீடு, அம்மா மடியில் கிடக்கும் பீடிச் சுளகுதான். அத்தானும் மச்சினனும் போட்ட சண்டையில் அந்தச் சுளகைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

தம்பி சொன்னதில் பாதி உண்மை. அமெரிக்காவில் பெரும்பாலும் காரணம் சொல்லாமலே ஆளை நிறுத்தலாம். ஆனால் மீதிப் பாதியையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். மத்திய அரசு அங்கே வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-லிருந்து ஒரு காசு ஏறவில்லை. டெக்சாஸிலும் அதே கூலிதான். வேலை போனால் உதவித்தொகை உண்டு, பல மாநிலங்களில் அதிகபட்சம் 26 வாரம். பலருக்கு மருத்துவக் காப்பீடும் கம்பெனி வழியாகத்தான் வருகிறது. வேலை போனால் அதுவும் ஆட்டம் காணும்.

டென்மார்க்கைப் பாருங்கள். அதுவும் முதலாளித்துவ நாடுதான். ஆளை நிறுத்துவது அங்கேயும் பெரிய பாடில்லை. குறைந்தபட்சக் கூலி என்று சட்டமே கிடையாது; 1899-இல் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட உடன்பாட்டு வழியில், இன்றும் கூலியைப் பேசித்தான் முடிக்கிறார்கள். ஆனால் காப்பீட்டு நிதியில் சேர்ந்து பணம் கட்டி வந்தவருக்கு வேலை போனால், ஒரு உச்சவரம்புக்குள் பழைய சம்பளத்தில் 90 சதவீதம் வரை, இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். அதோடு அடுத்த வேலைக்குப் பயிற்சியும் உண்டு. அதற்காக அந்த மக்கள் கட்டும் வரி மிக அதிகம். வேலை போகும், ஆனால் அடுப்பு அணையாது. உங்கள் தம்பி கேட்கும் சுலபத்தை இப்படிக் கொடுத்தால் நானும் அவர் பக்கம்தான்.

ஜெர்மனியில் வேறு மாதிரி. ஆர்டர் குறைந்தால் ஆளை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைக்கிறார்கள். குறையும் நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, பிள்ளை இருப்பவருக்கு 67 சதவீதத்தை, அரசின் வேலைவாய்ப்புக் காப்பீடு தருகிறது. 2009 மந்தத்திலும் 2020 கொரோனாவிலும் இதுதான் அவர்களைக் காப்பாற்றியது. 1976-இல் வந்த சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனியின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பக்கத்துக்கு.

இனி உங்கள் வீட்டுக்காரர். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில்லில் வ.உ.சி. தலைமையில் வேலைநிறுத்தம் செய்துதான் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வந்தன. யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. ஆனால் அவர் நம்பும் பாதுகாப்பு எத்தனை பேரைத் தொட்டது? 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையை மூட அரசின் அனுமதி வேண்டும் என்று சட்டம் இருந்தது. புதிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு அதை 300 ஆக்கிவிட்டது. அந்த 100 இருந்த காலத்திலேயே உங்கள் மகனைப் போன்ற ஒப்பந்தப் பிள்ளைகள் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள். உள்ளே இருந்தவருக்குக் குடை, வெளியே நின்றவருக்கு மழை. 300 ஆக்கியவர்கள் வெளியே நிற்பவனுக்கு டென்மார்க் மாதிரி ஒரு நிதியையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்க வேண்டும். அதைச் செய்யாதது பெரிய அநியாயம் என்பது என் எண்ணம்.

தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் ஒரு சின்னத் திட்டம் உண்டு, 2018-இல் வந்தது. வேலை இழந்தவருக்குச் சராசரிச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை தருவார்கள், அதுவும் வாழ்நாளில் ஒரே தடவை. எட்டு மாதம் மட்டும் வேலை பார்த்த உங்கள் மகனுக்கு அது கிடைப்பது கடினம்.

சரி, மகனிடம் என்ன சொல்ல? அடுத்த வேலையில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், நியமனக் கடிதம் தருவீர்களா, பி.எஃப்.பும் ஈ.எஸ்.ஐ.யும் யார் பெயரில் கட்டுவீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பழைய பி.எஃப். எண்ணையே புது இடத்திலும் கொடுக்கட்டும். கொஞ்சப் பணம்தானே என்று எடுத்துவிட வேண்டாம். வேலை பார்த்த காலம் பென்ஷன் கணக்கில் சேரும். பெரிய தொழிற்சாலையில் ஓராண்டு அப்ரண்டிஸ் இடம் கிடைத்தால், உதவித்தொகை குறைவாக இருந்தாலும் சான்றிதழ் கையில் வரும். இன்னொரு எட்டு மாத ஒப்பந்தத்தைவிட நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். அந்த ஓராண்டு வீட்டுச் செலவில் ஒரு பங்கை, இவ்வளவு அக்கறையோடு பேசிய தாய்மாமன் ஏற்றுக்கொள்ளட்டும். நீங்களே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.