பூச்சாடி வரையத் திணறுகிறேன், படக்கதை வரைய முடியுமா?

கேள்வி: நான் பள்ளி மாணவி. படக்கதை வரைய வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு. ஆனால் ஓவிய வகுப்பில் பூச்சாடியைப் பார்த்து வரைந்து நிழலிட்டால், என் படம் மட்டும் கோணிப் போகிறது. மனித உருவங்களுக்குக் கை வரைய வராததால் அவற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துவிடுகிறேன். என் கனவை விட்டுவிடத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். கோணிய பூச்சாடியைவிட, மறைத்து வைத்த கைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. படக்கதையில் பாதி வசனத்தைக் கைகளே பேசுகின்றன. ஒரு கடிதத்தை நீட்டவோ கதவைத் தள்ளவோ முடியாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு எந்தக் கதையையும் நகர்த்த முடியாது. இடக்கையை மேசைமேல் வைத்து, முதலில் விரல்களைப் பிரிக்காமல் ஒரு பை போன்ற மொத்த வடிவத்தை மட்டும் வரையுங்கள். பிறகு விரல்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடங்களின் வடிவத்தைப் பார்த்து வரையுங்கள். விரல் முட்டிகள் நேர்க்கோட்டில் இல்லாமல் வில்லாக வளைந்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும். இது வந்த பிறகு, அதே கை ஒரு கோப்பையைப் பிடித்திருப்பதுபோல வரையலாம்.

பூச்சாடி ஒரு மணி நேரம் அசையாமல் உங்கள் முன்னால் இருக்கும். உங்கள் கதாநாயகியோ ஆறு கட்டங்களில் ஓடி, குனிந்து, திரும்பி நின்றாலும் அவள்தான் என்று வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும். நிழலிடும் நேர்த்திக்குக் கிடைக்கும் மதிப்பெண் இந்தத் திறமையை அளப்பதில்லை. படக்கதையின் முன்னோடியாகக் கருதப்படும் ஜெனீவாவின் ரோடோல்ஃப் டோப்ஃபர், கண் கோளாறினால் தந்தையைப் போல ஓவியராக முடியாமல் ஆசிரியரானவர். எளிய பேனாக் கோடுகளிலேயே அவர் தம் கதைகளைச் சொன்னார். தபால் வழி ஓவியப் பயிற்சியில், குழந்தைகளை வரையும் பாடத்துக்கு, ‘பீனட்ஸ்’ படக்கதையை உருவாக்கிய அமெரிக்கர் சார்லஸ் ஷுல்ஸ் பெற்றது வெறும் ‘சி பிளஸ்’. அதே மனிதர் 1950 முதல் 2000 வரை, குழந்தைகளையே பாத்திரங்களாக்கி 17,897 படக்கதைத் துணுக்குகளை வரைந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆகவே வகுப்பை வெறுக்காமல், அதோடு வாரம் ஒரு பக்கம், நான்கே கட்டங்களில் ஒரு சிறு நிகழ்ச்சியை வரைந்து வாருங்கள். வசனத்தை முதலில் எழுதி இடம் ஒதுக்கிவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், படத்தை முடித்துவிட்டு வசனப் பலூனுக்கு இடம் தேடினால் யாராவது ஒருவருடைய தலையை மறைக்க நேரும். நாம் இடமிருந்து வலமாகப் படிப்பதால், முதலில் பேசுபவரை இடப்பக்கம் நிறுத்துங்கள். முதல் கட்டம் பிடிக்கவில்லை என்று அதையே அழித்து அழித்து வரைந்துகொண்டிருக்காமல் நான்காவது கட்டம்வரை போய்விடுங்கள். முடித்த பக்கத்தை எந்த விளக்கமும் சொல்லாமல் ஒருவரிடம் கொடுத்து, அவர் எந்தக் கட்டத்தில் தயங்கி, முந்தைய கட்டத்துக்குத் திரும்புகிறார் என்று கவனியுங்கள். திருத்த வேண்டிய இடம் அதுதான்.

அடுத்த வகுப்பில் பூச்சாடியை வரைந்து முடித்ததும், எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று ஊகித்து, இடத்தைவிட்டு எழாமலே இன்னொரு முறை வரையுங்கள். பிறகு அங்கே போய் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள்.