முன்வாசலில் 18 சதுர மீட்டர் போகிறது: தரகருக்கு 15 விழுக்காடு தரலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் செமி-டிடாச்டு வீடு (ஒரு பக்கச் சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிரும் வீடு) 210 சதுர மீட்டர் மனையில் இருக்கிறது. அருகில் விரைவுச்சாலைச் சந்திப்பு கட்டுவதற்காக முன்புறத்தில் 18 சதுர மீட்டர் எடுப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது. மேம்பாலம் 80 மீட்டர் தள்ளித்தான் வருகிறது. “சந்தை விலையில் பாதிகூடத் தரமாட்டார்கள். இழப்பீட்டில் 15 விழுக்காடு கொடுங்கள், இரட்டிப்பாக வாங்கித் தருகிறேன்” என்கிறார் தரகர் ஒருவர். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். அவர் சொல்லும் ‘பாதிகூட’ பழைய கதை. ஒரு காலத்தில் 1973, 1986, 1992, 1995 என ஏதோ ஒரு பழைய தேதியின் விலையையே உச்சவரம்பாக வைத்திருந்தார்கள். 2007 பிப்ரவரி 12 முதல் அந்த முறை இல்லை. அரசிதழில் அறிவிப்பு வந்த நாளின் சந்தை மதிப்புதான் கணக்கு. மீதி மனையின் விலை ஏறும் என்று சொல்லிக் கழிக்கும் வழக்கத்தையும் 2014 திருத்தம் நீக்கிவிட்டது.

பாலம் 80 மீட்டர் தள்ளி இருக்க உங்கள் வாசல் எதற்கு? இணைப்புச் சாலையில் 40, 50 கிலோமீட்டரில் வளைந்து வரும் கார், 80, 90-இல் ஓடும் வண்டிகளோடு கலக்க நீளமான தடம் வேண்டும். அந்தத் தடம் சாலையோரத்தைத் தள்ளும், சாலையோரம் வடிகாலையும் நடைபாதையையும் தள்ளும், நடைபாதை உங்கள் மதிலைத் தள்ளும். தண்ணீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் முதலில் இடம் மாற்றியாக வேண்டும். அதனால்தான் தூண் எழும்புவதற்கு வெகு முன்பே நிலத்தைக் கேட்கிறார்கள். நிலம் தேவையா என்று வாதாடிப் பயனில்லை. அரசிதழ் அறிவிப்பே அதற்கு முடிவான சான்று. தொகையைப் பற்றி மட்டும்தான் பேச முடியும்.

தரகரின் கணக்கைப் பாருங்கள். நிலத்தை எடுக்கும் சிங்கப்பூர் நில ஆணையம் தானாகவே 2 லட்சம் வெள்ளி தருவதாக வைத்துக்கொள்வோம். அவர் அதை 2,20,000 ஆக்கினாலும் முழுத் தொகையில் 15 விழுக்காடு, அதாவது 33,000 வெள்ளி, அவருக்குப் போகும். அவர் இல்லாமலே கிடைத்திருக்கும் தொகையைவிட 13,000 குறைவாகத்தான் உங்கள் கையில் நிற்கும். அவர் நீட்டும் தாளில் ‘கூடுதல் தொகையில்’ என்று இருக்கிறதா, ‘மொத்தத் தொகையில்’ என்று இருக்கிறதா, படியுங்கள். வெற்று அதிகாரக் கடிதம் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

உங்களுக்குத் தேவை உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர். நிலையான கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். நியாயமான கட்டணத்தை இழப்பீட்டுக் கோரிக்கையிலேயே சேர்த்துக் கேளுங்கள். வெற்றி பெற்றால்தான் காசு என்பவரின் மதிப்பீட்டை, இழப்பீட்டை முடிவுசெய்யும் விசாரணையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

18 சதுர மீட்டரைச் சதுர மீட்டர் விலையால் பெருக்குவது தரகர் கணக்கு. துண்டு நிலத்துக்குத் தனிச் சந்தை கிடையாது. எடுப்பதற்கு முன் முழு மனையின் மதிப்பு என்ன, எடுத்த பின் மிச்சத்தின் மதிப்பு என்ன என்று பார்க்க வேண்டும். உங்கள் முகப்பு 8.5 மீட்டர் என்றால் 18 சதுர மீட்டர் ஏறக்குறைய 2.1 மீட்டர் ஆழம். கார் நிற்கும் முற்றம் 6 மீட்டராக இருந்தால் மிச்சம் 3.9. வழக்கமான கார் நிறுத்துமிடத்தின் நீளமே 4.8 மீட்டர். காரின் பின்பக்கம் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். இழப்பு அங்கேதான் இருக்கிறது. மதில், கேட், வாசல் தூணில் பதித்த மின்மீட்டர்ப் பெட்டி ஒவ்வொன்றையும் அளந்து, படமெடுத்து, இரண்டு கட்டட ஒப்பந்தக்காரர்களிடம் விலை வாங்குங்கள். மறு அளவைச் செலவும் புதிய பத்திரச் செலவும் தனித்தனி வரியாக வர வேண்டும்.

இன்னொன்று. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: 210-இல் 18 போனால் 192. செமி-டிடாச்டு வீட்டுக்குப் புதிதாக மனை பிரிக்க 200 சதுர மீட்டராவது வேண்டும் என்பது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதி. உங்களுடையது ஏற்கெனவே இருக்கும் வீடு என்பதால் கவலையில்லை என்று வாயால் சொல்வார்கள். வாய்ச்சொல்லை வைத்து யார் வீடு வாங்குவார்? 192-இல் இடித்துக் கட்ட அனுமதி உண்டா, புதிய சாலைக் கோட்டிலிருந்து கட்டடம் எவ்வளவு பின்வாங்க வேண்டும், இரண்டையும் விசாரணைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாலை ஓர் அலுவலகம், நிலம் இன்னொன்று, கட்டட அனுமதி மூன்றாவது, வடிகால் நான்காவது. ஒரு மதிலுக்கு நான்கு கடிதம் எழுதச் சலிப்பாகத்தான் இருக்கும். எழுதுங்கள். பதில் பாதகமாக வந்தால் அதுவே உங்கள் பெரிய இழப்பீட்டுக் காரணம்.

அறிவிப்புக்கு முந்திய 2 ஆண்டுகளில் செய்த மேம்பாட்டால் ஏறிய மதிப்பு கணக்கில் வராது. கையகப்படுத்தலை மனதில் வைத்துச் செய்யவில்லை என்று நிரூபித்தால்தான் வரும். ரசீதுகளைத் தேடி எடுங்கள்.

விசாரணைக்குப் பின் தீர்ப்பாகும் இழப்பீட்டுத் தொகை குறைவு என்று தோன்றினால், அந்தத் தீர்ப்பின் அறிவிப்பு கைக்கு வந்த 28 நாள்களுக்குள் மேல்முறையீட்டு வாரியத்தில் மனு கொடுக்க வேண்டும். பணம் வாங்கும்போது ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுத்தில் பதியுங்கள். கடிதத்தின் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அதில்தான் தேதி முத்திரை இருக்கிறது.