ஆன்டிவைரஸ் கம்பெனி வேலையை நம்பலாமா?

கேள்வி: என் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கணினிப் பாதுகாப்பு மென்பொருள் தயாரிக்கும் கம்பெனியில்தான் சேருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். "விண்டோஸிலேயே ஆன்டிவைரஸ் இலவசமாக வருகிறது, இனி யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?" என்று உறவினர் ஒருவர் கேட்டதிலிருந்து எங்களுக்கு நிம்மதி இல்லை. இந்தத் துறை நிலைக்குமா? அவளை என்ன படிக்கச் சொல்வது?

பதில்: உங்கள் உறவினர் சொல்வது பாதி சரி. மைக்ரோசாஃப்ட் 2009-ல் இலவச ஆன்டிவைரஸைக் கொடுத்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் அது இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. வைரஸ் நீக்கும் மென்பொருளை மட்டும் பெட்டியில் போட்டு விற்ற வியாபாரம் அதன்பின் சுருங்கிப்போனது உண்மைதான். ஆனால் அதை விற்ற கம்பெனிகளில் பல இன்றும் இருக்கின்றன. விற்கிற பொருளையும் உள்ளே இருக்கும் வேலைகளையும் அவை மாற்றிக்கொண்டன. அப்படி மாறிய ஒரு கம்பெனியின் வளர்ச்சியைப் பார்த்தாலே உங்கள் மகள் எதற்குத் தயாராக வேண்டும் என்பது பிடிபட்டுவிடும்.

செக் நாட்டின் அவாஸ்டை எடுத்துக்கொள்வோம். பிராக் நகரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த பாவெல் பௌதிஷ் 1988-ல் வியன்னா என்ற வைரஸை எதிர்கொண்டார். அதை நீக்க ஒரு நிரல் எழுதினார். உடன் பணியாற்றிய எடுவார்ட் குச்செராவுடன் சேர்ந்து ஆல்வில் (பின்னாளில் அவாஸ்ட்) என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார். அன்று செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி என்பதால் கூட்டுறவு வடிவம்தான் கைகொடுத்தது. ஆட்சி மாறிய பிறகு, 1991-ல், அது கூட்டாண்மை நிறுவனமானது.

அந்தக் கட்டத்தில் தேவைப்பட்டது ஒரே திறமை: கணினியின் அடிமட்ட மொழியான அசெம்பிளியில் நிரலைப் பிரித்துப் படிப்பது. வியன்னா வெறும் 648 பைட் அளவுள்ளது. நிரல் கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டு, கோப்பின் தொடக்கத்தை மாற்றி, தான் முதலில் ஓடும்படி செய்துகொள்ளும். ஏற்கெனவே தொற்றிய கோப்பை அடையாளம் காண, கோப்பின் நேரக் குறிப்பில் விநாடியை 62 என்று வைத்துவிடும். எந்தக் கடிகாரத்திலும் வராத இப்படியொரு எண்ணைக் கண்டுபிடிக்கும் கண்தான் அன்றைய வைரஸ் ஆய்வாளரின் முதலீடு. இன்றும் மால்வேர் அனலிஸ்ட் (தீய நிரல் ஆய்வாளர்) என்ற வேலையின் கரு இதுவே. ஆனால் ஒரு பெரிய கம்பெனியில் இந்த வேலை பார்ப்பவர்கள் சிறுபான்மை. இதைப் பெற்றோர் மட்டுமல்ல, மாணவர்களும் பெரும்பாலும் அறிவதில்லை.

திருப்பம் 2001-ல் வந்தது. வீட்டுப் பயனாளர்களுக்கு அவாஸ்ட் இலவசம் என்று அறிவித்தார்கள். இது வெறும் தாராளம் அல்ல. கோடிக்கணக்கான கணினிகளில் மென்பொருள் உட்கார்ந்தால், உலகில் எங்கே புதிய கோப்பு தலைகாட்டினாலும் தகவல் கம்பெனிக்கு வந்துவிடும். பயனாளர்களில் ஒரு சிறு பகுதியினர் கட்டணப் பதிப்புக்கு மாறினாலே செலவு கட்டுபடியாகும். ஆனால் அந்த அளவு தகவலை மனிதக் கண்ணால் பார்த்து முடிக்க முடியாது. ஆகவே கோப்புகளைத் தானாக வகைப்படுத்தும் அமைப்பு, தரவுப் பொறியாளர்கள், கிளவுட் சர்வர்களைக் கவனிப்பவர்கள், மெஷின் லேர்னிங் தெரிந்தவர்கள் என ஆள் தேவை பெருகியது.

அதன்பின் பணம் வந்த வேகம் அதிகம். 2010-ல் சமிட் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 10 கோடி டாலர் முதலீடு செய்தது. 2016-ல் போட்டியாளரான ஏவிஜியை அவாஸ்ட் 130 கோடி டாலருக்கு வாங்கியது. 2018-ல் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலானது. 2022-ல் நார்ட்டன் ஆன்டிவைரஸ் கம்பெனியான நார்ட்டன்லைஃப்லாக்குடன் இணைந்து இன்று ஜென் டிஜிட்டல் என்ற பெயரில் இருக்கிறது. விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைக்கும் இணைப்பு), அடையாளத் திருட்டிலிருந்து பாதுகாப்பு போன்ற சந்தாச் சேவைகளை விற்கிறது. உறவினர் கேட்ட கேள்விக்கு அந்தக் கம்பெனி சொன்ன பதில் இதுதான்.

வளர்ச்சியின் இன்னொரு முகத்தையும் பாருங்கள், ஏனென்றால் வேலைவாய்ப்பு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 2017 ஜூலையில் அவாஸ்ட், கணினியைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் மென்பொருளைத் தயாரித்த பிரிட்டிஷ் கம்பெனியை வாங்கியது. ஊடுருவல்காரர்கள் அதற்கு முன்பே அந்தக் கம்பெனியின் வலையமைப்புக்குள் புகுந்திருந்தார்கள். முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு வெளியான சிகிளீனர் பதிப்பிலேயே தீய நிரல் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வெளிச்சத்துக்கு வந்தபோது சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அது இறங்கியிருந்தது. மென்பொருள் உருவாகும் பில்ட் சர்வரைக் காப்பது தனித் துறையாகவே வளர்ந்ததற்கு இப்படிப்பட்ட தாக்குதல்களும் காரணம்.

அப்டேட்டால் விழுந்த அடி இதைவிடப் பெரியது. 2010 ஏப்ரலில் மெக்காஃபீ ஆன்டிவைரஸின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று பிடித்தது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீபூட் ஆயின. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. காரணம் அற்பமானது: புதிய விதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, நிரல் கொடுத்தது 20. சரிபார்க்கும் கருவி அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கோப்பைப் படிக்கும் நிரல் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஓடியதால் ஒரு தவறான நினைவக வாசிப்பே முழுக் கணினியையும் சாய்த்தது. முதலில் சில கணினிகளுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்பும் முறையும் அந்த வகைக் கோப்புக்கு இல்லை. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும் பயனில்லை. விழுந்த கணினிகளில் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் மீட்க வேண்டியிருந்தது. டெஸ்டிங் வேலை என்றால் மட்டம் என்று நினைக்கும் மாணவர்களுக்கு இந்த இரண்டு நிகழ்வுகளையும் படிக்கச் சொல்லுங்கள். இந்தத் துறையில் ஒரு நல்ல டெஸ்ட் இன்ஜினியர் ஆய்வாளருக்குச் சமம்.

இனி படிப்பு. மூன்று மாத எத்திகல் ஹேக்கிங் சான்றிதழை முதலில் வாங்காதீர்கள். அது கருவிகளை இயக்கக் கற்றுத்தரும். பாதுகாப்பு மென்பொருளைக் கட்டக் கற்றுத்தராது. உங்கள் மகளுக்கு முதலில் வேண்டியது சி அல்லது சி++, பைத்தான், இயங்குதளப் பாடம், கணினி வலையமைப்பு. கல்லூரியில் இயங்குதளப் பாடத்தில் தேர்ச்சி மட்டும் போதும் என்று விட்டிருந்தால் திரும்பப் படிக்கட்டும். பிராசஸ், நினைவகம், கெர்னல் இந்த மூன்றும் தெளியாமல் இந்தத் துறையில் ஓரடி நகர முடியாது. அதன்பின் விண்டோஸ் நிரல் கோப்பின் உள்ளமைப்பு, அசெம்பிளியைப் படிக்கும் அளவு பழக்கம், நிரலைப் பிரித்துப் படிக்கும் கருவியான கீட்ரா. கீட்ராவை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2019-ல் இலவசமாக வெளியிட்டது. விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை.

நேர்முகத் தேர்வில் பேச வைக்கும் ஒரு புராஜெக்ட்: சொந்தமாக ஒரு சின்ன ஸ்கேனர். முதலில் கோப்புகளின் கைரேகை போன்ற எஸ்.எச்.ஏ-256 ஹாஷைக் கணக்கிட்டு ஒரு பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பிறகு மாதிரிக் கோப்பில் ஒரே ஒரு பைட்டை மாற்றிப் பார்க்கட்டும், ஸ்கேனர் கோட்டைவிடும். அங்கிருந்து யாரா விதிகளுக்குப் போகலாம்; கோப்புக்குள் இருக்கும் வரிசைகளைத் தேடும் விதிகள் அவை. இதற்கு உண்மையான வைரஸ் தேவையே இல்லை. ஐகார் என்ற 68 எழுத்துச் சோதனைக் கோப்பு இதற்காகவே இருக்கிறது, எந்தத் தீங்கும் செய்யாது. அடுத்து அதே விதிகளை விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டர் முழுவதிலும் ஓடவிட்டு, எத்தனை நல்ல கோப்புகளைத் தவறாகப் பிடிக்கிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் எழுதும் விதி பெரும்பாலும் இங்கேதான் சறுக்கும். நாம் எழுதும் நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் கம்பைலர் தானாகச் சேர்க்கும் பொதுவான வரிசையைத் தீய நிரலின் அடையாளம் என்று நம்பிவிடுவார்கள். அதே கம்பைலரில் உருவான நல்ல நிரல்களும் மாட்டிக்கொள்ளும். தவறாகப் பிடித்தவற்றின் பட்டியலையும் விதியைத் திருத்திய விதத்தையும் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் மறைக்காமல் போடட்டும். வேலைக்கு எடுப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பின்னாளில் உண்மையான மால்வேர் மாதிரியைத் தொடுவதாக இருந்தால் வீட்டுக் கணினியில் நேரடியாகக் கூடவே கூடாது. தனி மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி), அதில் சுத்தமான நிலையின் ஸ்னாப்ஷாட், இணைய இணைப்பு துண்டிப்பு, பகிர்ந்த ஃபோல்டரும் கிளிப்போர்டும் அணைப்பு என்ற நான்கும் முடிந்த பிறகுதான். பெரும்பாலும் மறந்துபோவது பகிர்ந்த ஃபோல்டர். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அந்த வழியாக வெளியே வந்து வீட்டுப் புகைப்படங்கள் வரை பூட்டிவிடும்.

வேலை வாய்ப்பு கைக்கு வரும்போது கம்பெனியின் பெயரைவிட அதன் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பட்டியலிடப்பட்ட கம்பெனியின் ஆண்டறிக்கையில் அது இருக்கும். இலவசப் பொருள் தரும் கம்பெனி என்றால் இன்னும் கூர்ந்து பாருங்கள். அவாஸ்டின் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் பயனாளர்களின் இணைய உலாவல் தரவை விற்றது. செய்தி வெளியானதும் 2020 ஜனவரியில் அதை மூடினார்கள். 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்ட் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அப்படி மூடப்படும் பிரிவில் இருந்தால் வேலையோடு ரெஸ்யூமேயும் அடிவாங்கும். இரண்டு கம்பெனிகள் இணைவதாகச் செய்தி வந்திருந்தால், ஒரே வகைப் பொருளை இரண்டுமே செய்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பொருளின் குழுவுக்கு ஆள் எடுத்தால், இணைப்புக்குப் பின் எந்தக் குழு தொடரும் என்று நேரடியாகக் கேட்பதில் தவறில்லை. "உங்கள் அப்டேட்டை முதலில் எத்தனை சதவீதக் கணினிகளுக்கு அனுப்புவீர்கள், தவறினால் எப்படித் திரும்பப் பெறுவீர்கள்?" என்ற கேள்வியையும் நேர்முகத் தேர்வின் கடைசியில் உங்கள் மகளே கேட்கட்டும்.