ஆஸ்திரியப் பொருளியலாளர் கார்ல் மெங்கர் கூறிய அகநிலை மதிப்புக் கோட்பாட்டின்படி, ஒரு பொருளின் மதிப்பு அவரவர் மனம்போன போக்கில் அமைவதுதானா?

இல்லை. இக்கோட்பாட்டைப் படிக்கத் தொடங்கிய காலத்தில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1871இல் மெங்கரின் ‘பொருளியல் கோட்பாடுகள்’ வியன்னாவில் வெளிவந்தபோது, ஒரு பொருளை உருவாக்கச் செலவான உழைப்பைக் கொண்டே அதன் மதிப்பை விளக்கும் ஆங்கிலேயப் பொருளியலாளர் ரிக்கார்டோவின் மரபு செல்வாக்குடன் விளங்கியது. ஒரு வைரம் தற்செயலாகக் கிடைத்ததா, ஆயிரம் நாள் உழைத்துச் சுரங்கத்திலிருந்து எடுக்கப்பட்டதா என்பது அதன் மதிப்புக்குப் பொருட்டே அல்ல என்று மெங்கர் எழுதினார். நம்முடைய எந்தத் தேவை அப்பொருளைச் சார்ந்து நிற்கிறது என்பதே அவருடைய கேள்வி.

அவர் வழிவந்த பேம் பாவெர்க் தந்த எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். காட்டில் தனித்து வாழும் ஓர் உழவரிடம் ஐந்து மூட்டை தானியம் இருக்கிறது. முதல் மூட்டை உயிர் வாழ்வதற்கு, இரண்டாவது உடல் வலுவோடு இருப்பதற்கு, மூன்றாவது கோழித்தீவனத்திற்கு, நான்காவது மது வடிப்பதற்கு, ஐந்தாவது பொழுதுபோக்காக வளர்க்கும் கிளிகளுக்கு. ஒரு மூட்டை வீணாகிவிட்டால், அது எந்த மூட்டையாக இருந்தாலும், அவர் கைவிடப்போவது கிளிகளைத்தான். எனவே ஐந்தும் கைவசம் இருக்கும்வரை ஒவ்வொரு மூட்டையின் மதிப்பும் அந்தக் கிளிகளின் அளவே. ஒன்றே ஒன்று எஞ்சினால் அதன் மதிப்பு அவருடைய உயிர். மனம் மாறவில்லை, இருப்பு மாறியிருக்கிறது. கைவசமுள்ளவற்றில் கடைசி மூட்டை தரும் இந்தப் பயனையே பாடநூல்கள் இறுதிநிலைப் பயன்பாடு என்று கூறுகின்றன. உயிர்காக்கும் தண்ணீர் மலிவாகவும் வைரம் விலை மிக்கதாகவும் இருக்கும் புதிரும் இதனால் அவிழ்கிறது.

ஜெவன்ஸ், வால்ராஸ் என்னும் பொருளியலாளர்களும் ஏறத்தாழ அதே காலத்தில் இம்முடிவுக்கு வந்தனர். ஆயினும் மெங்கரிடம் என்னை மிகவும் ஈர்ப்பது, மதிப்பு பாயும் திசையையே அவர் திருப்பிவைத்ததாகும். மக்கள் அனைவரும் புகையிலையை வேண்டாமென்று விட்டுவிட்டால், கையிருப்பிலுள்ள புகையிலை மட்டுமன்றி, அதன் விதையும், அதற்கென்றே செய்த கருவிகளும்கூடத் தேவையை நிறைவேற்றும் பொருள் என்னும் தன்மையை இழந்துவிடும் என்று அவர் காட்டுகிறார். செலவிலிருந்து மதிப்பு பிறப்பதில்லை. நுகர்பொருளின் எதிர்பார்க்கப்படும் மதிப்பே பின்னோக்கிச் சென்று, அதை உருவாக்கும் சாதனங்களுக்கு மதிப்பைத் தருகிறது.

மதிப்பு மனித உணர்வுக்கு வெளியே இல்லை என்று அவர் எழுதியது உண்மையே. ஆனால் அந்த மதிப்பீடு தவறக்கூடும் என்பதையும் அவர் ஏற்றார்: தாயத்து போன்றவற்றுக்கு நாம் ஏற்றிக்கூறும் ஆற்றல் அவற்றில் இல்லாததால், அவற்றைக் கற்பனைப் பொருள்கள் என்று தனியே பிரித்துவைத்தார்.